பங்காளி போர்டுகள்

எங்கள் ரோபோவுக்கு எதற்கு இரண்டு மூளை என்று யார் கேட்டாலும் குணசேகரன் சார் ஒரே பதிலைத்தான் சொல்வார். "வேலைய பிரிச்சுக் குடுத்திருக்கோங்க." சார்ட் பேப்பரிலும் அதையே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். சக்கரத்தை ஓட்டுவது அர்டுயினோ என்கிற போர்டு. கேமராவில் பார்த்து, எது பொம்மை எது சுவர் என்று கண்டுபிடித்து, அர்டுயினோவுக்குச் சொல்வது ராஸ்பெர்ரி பை. அது உள்ளங்கை அளவே உள்ள ஒரு முழுக் கம்ப்யூட்டர். கேட்டவர்கள் ஆகா என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். சார் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதி உண்மை என்னவென்றால், எழிலரசனும் வைஷ்ணவியும் ஒரே கீபோர்டில் கை வைக்க மாட்டார்கள்.

இருவரும் பங்காளிகள். எழிலின் தாத்தாவும் வைஷ்ணவியின் தாத்தாவும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பூசாரி யார் தலையில் முதலில் பரிவட்டம் கட்டினார் என்று ஒரு சண்டை வந்திருக்கிறது. நாங்கள் யாரும் அப்போது பிறக்கவே இல்லை. பரிவட்டம் என்பது தலையில் சுற்றும் ஒரு முழத் துணி. அந்தத் துணிக்காக இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்திக்கொண்டன. கல்யாணம் காதுகுத்துக்குப் போவதில்லை. சாவுக்கு மட்டும் போவார்கள், மாலையைப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் திரும்பி வருவார்கள். யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் இறங்கிப்போய்விட்டதாகக் கணக்கு. அதனால் இன்றுவரை ஒருவரும் பேசவில்லை.

இந்த அழகில், பதினோராம் வகுப்பில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ரோபோ டீமுக்குப் பெயர் கொடுத்தார்கள். கொடுத்தபோது அடுத்தவர் கொடுத்தது தெரியாது. தெரிந்த பிறகு விலகினால் அதுவும் இறங்கிப்போனதுதான். ஆகவே இருவரும் நீடித்தார்கள். மூன்றாவது ஆள் நான், அமுதவல்லி.

முதலில் சார் அர்டுயினோவை மட்டும் வைத்துத்தான் ஆரம்பித்தார். ஒரு லேப்டாப், அதன் முன்னால் இரண்டு பேர். எழில் ஒரு வரி எழுதுவான், அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனதும் வைஷ்ணவி அதை அழித்துவிட்டு வேறு எழுதுவாள். இவன் வந்து அதை அழிப்பான். வாய் மட்டும் திறக்கவே மாட்டார்கள். ரோபோ ஒரு வாரமாக ஒரே இடத்தில் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தது. சார் தலையில் கை வைத்து உட்கார்ந்து யோசித்துவிட்டு, பீரோவில் பூட்டிக் கிடந்த ராஸ்பெர்ரி பையை எடுத்தார். "வைஷ்ணவி, நீ கண்ணப் பாத்துக்க. எழிலு, நீ காலப் பாத்துக்க" என்று, எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு லேப்டாப்பை ஒதுக்கினார். எங்கள் பக்கத்தில் பங்காளித் தகராறுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பாகம் பிரிப்பதுதான். சார் ரோபோவுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்தார்.

பாகம் பிரித்தாலும் நடுவில் ஒரு கம்பி வேண்டுமே. கண் பார்த்ததைக் காலுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பி என் பொறுப்பு. ஈயத்தை உருக்கிக் கம்பியை ஒட்டுகிற சால்டரிங் செய்வது, கனெக்டர் மாட்டுவது, எந்தப் பக்கத்திலிருந்து என்ன எழுத்து போகிறது என்று என் லேப்டாப்பைக் கம்பியில் கொக்கி போட்டுப் பார்ப்பது. அந்த வேலையோடு இன்னொன்றும் தானாக வந்து சேர்ந்தது.

"அமுதா, சக்கரம் ரொம்ப வேகமா போவுது, கேமரா ஆடுதுன்னு அவன்ட்ட சொல்லு" என்பாள் வைஷ்ணவி. அவன் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான்.

"கேமரா ஆடுனா இறுக்கி மாட்டச் சொல்லு" என்பான் எழில், என்னைப் பார்த்து.

"இறுக்கித்தான் மாட்டியிருக்கேன்னு சொல்லு."

"அப்பறம் எதுக்கு ஆடுதாம்னு கேளு."

நான் கேட்க வேண்டியதே இல்லை, எல்லாம் எல்லார் காதிலும் விழுகிறது. ஆனாலும் நான் திரும்பி ஒரு தடவை சொன்னால்தான் மறுபக்கம் பதில் வரும். சொல்லாவிட்டால் இரண்டும் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். இரண்டு மண்டையையும் பிடித்து ஒன்றோடு ஒன்று மோத வேண்டும் போல இருக்கும். மோதவில்லை, காரணம் அந்த லேப் எனக்கு வேண்டும்.

அப்பா குவைத்தில் இருக்கிறார். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் ஆத்தாவின் இடுப்பைவிட்டு இறங்காது. உலகத்தில் எனக்கென்று ஒரு மேசை இருந்தது அந்த லேபில்தான், சால்டரிங் அயர்ன் பட்டு ஓரமெல்லாம் கருகிய மேசை. அங்கே உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அந்த மேசைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

தலைமையாசிரியை செல்வராணி டீச்சர் ஒருநாள் லேபுக்குள் வந்து, சுவருக்குச் சுவர் அடி வைத்து அளந்து பார்த்தார். "சைக்கிள் லோடு வருது சார். மழையில நனைய விட்டா நான்தான் பதில் சொல்லணும். இருக்குறதுல ஒங்க ரூமுதான் பெருசு" என்றார். அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிள். குணசேகரன் சார், மாவட்டப் போட்டி வருகிறது என்றார். டீச்சர் நியாயமான ஆள்தான். "சரி, ஒரு கப்பு வாங்கிட்டு வாங்க. வாங்குனா ரூமு ஒங்களுக்கு, சைக்கிள நான் எங்கிட்டாச்சும் போட்டுக்கிறேன். வாங்கலன்னா சாவியக் குடுத்துருங்க." கப் என்பது முதல் இரண்டு இடத்துக்கு மட்டும்தான். மூன்றாம் இடத்துக்குச் சான்றிதழ்.

எனக்கு அந்த மேசை போய்விடும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் பேசுகிற இரண்டு பேரும் அடுத்தவருக்குப் போக வேண்டியதைத்தான் பேசினார்கள். எனக்கென்று யாரும் எதுவும் பேசியதில்லை, நான் சொல்வதற்கும் ஆளில்லை.

இதற்கிடையில் சார் ஒரு பாடம் நடத்தினார். "ரெண்டு போர்டும் வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒன்னுக்கொன்னு வணக்கம் சொல்லிக்கணும். ஒன்னு கூப்புடணும், இன்னொன்னு பதில் குடுக்கணும். அப்பத்தான் ரெண்டும் முழிச்சிருக்குன்னு அர்த்தம்." நல்ல பாடம். எந்தப் போர்டு முதலில் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் சார் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரிடம் போய் இதைச் சொல்லாமல் விடுகிறவர் எந்த ஊர்க்காரர் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவரும் எங்கள் தாலுகாதான்.

இருவரும் எழுதினார்கள். ஆளுக்கொரு பச்சை விளக்கும் வைத்தார்கள், எதிர்ப்பக்கத்தின் வணக்கம் வந்து சேர்ந்ததும் எரிகிற மாதிரி. லேபில் நாங்கள் ஓட்டிப் பார்த்த எல்லாத் தடவையும் ரோபோ அருமையாக ஓடியது. ஆரம்பிக்கும் முன்னால், கம்பியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க என் லேப்டாப்பிலிருந்து ஒரு எழுத்தைத் தட்டி அனுப்புவேன், அது என் பழக்கம். உடனே இரண்டு பச்சை விளக்கும் எரியும். இருவர் முகத்திலும் ஒரு திருப்தி தெரியும். ரோபோ ஓடுகிற சந்தோஷம் என்று நினைத்தேன், முட்டாள்.

போட்டி புதுக்கோட்டையில், ஒரு கல்லூரி அரங்கத்தில் நடந்தது. தலைப்பு புயல் மீட்பு. தரையில் நீலப் பாயை விரித்து அதைக் கடல் என்றார்கள். சிவப்புச் சட்டை போட்ட பொம்மைகள் அங்கங்கே குப்புறக் கிடந்தன, அவர்கள் புயலில் சிக்கிய பொதுமக்கள். ரோபோ தானாகத் தேடிப்போய் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்து வெள்ளை வட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். அது நிவாரண முகாம். விசில் அடித்ததும் ஸ்விட்சைப் போடலாம், அதற்குப் பிறகு யாரும் ரோபோவைத் தொடக் கூடாது, தொட்டால் மதிப்பெண் கழியும். லேப்டாப்பும் மாட்டியிருக்கக் கூடாது.

பயிற்சி மேசையில் லேப்டாப்பைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் முனகியது. விளக்கு எரியவில்லை. ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். எரியவில்லை. கம்பியை மீட்டர் வைத்துப் பார்த்தேன், கம்பியில் குற்றமில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் லேப்டாப் அனுப்பிய எழுத்தைத்தான் இத்தனை நாளும் இரண்டு போர்டும் அடுத்தவர் வைத்த வணக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தன.

"வைஷ்ணவி, ஒன் பை மொதல்ல கூப்புடாதா?" என்று கேட்டேன்.

"கூப்புட்டா பதில் சொல்லும். காத்துக்கிட்டுத்தான் இருக்கு."

"எழிலு, ஒன் போர்டு?"

"அதுவும் காத்துக்கிட்டுத்தான் இருக்கு. கூப்புடச் சொல்லு, என் போர்டு மரியாதையா பதில் சொல்லும்."

சாரைத் தேடினேன். சிறப்பு விருந்தினருக்குப் போர்த்தும் பொன்னாடையைக் காணவில்லை என்று அவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு இருந்தது அந்த இரண்டு பேர் மட்டும்தான். ஒரே ஒரு வரி, யாராவது ஒருவர் மாற்றினால் போதும் என்று கெஞ்சினேன். லேப் போய்விடும், சைக்கிள் வந்துவிடும் என்றேன். வைஷ்ணவி தன் லேப்டாப்பை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "ஊர்ல தெரிஞ்சா எங்கப்பா தெருவுல தலகாட்ட முடியாது" என்றாள்.

எழில் தணிந்த குரலில்தான் சொன்னான். "எங்க தாத்தா சாவக் கெடக்குறப்பகூட மொதல்ல பேசல அமுதா. நான் ஒரு பொம்மையத் தள்ளுறதுக்காகப் பேசவா?"

இருவர் லேப்டாப்பிலும் பாஸ்வேர்டு. நானாகத் திறந்து மாற்றவும் வழியில்லை. எங்கள் டீம் பெயரை மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள்.

விசில் அடித்தது. ஸ்விட்சைப் போட்டேன். பக்கத்துக் களத்தில் ஒரு ரோபோ குடுகுடுவென்று ஓடிப்போய்ப் பொதுமக்களை முகாமில் சேர்த்துக்கொண்டிருந்தது. எங்களுடையது வைத்த இடத்திலேயே கடலின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. கண் திறந்திருக்கிறது, கால் தயாராக இருக்கிறது, இரண்டும் மரியாதைக்குக் காத்துக்கொண்டு நிற்கின்றன. சாவு வீட்டில் அந்த இரண்டு குடும்பமும் நிற்பதும் இதே மாதிரிதான். கொடுத்த நேரத்தில் பாதி போய்விட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் மேளம் கேட்டது, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். நடுவர்கள் உட்பட அத்தனை பேரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"தூ, நீங்கள்லாம் மனுசங்களா?" என்றேன். "ஒங்க தாத்தனுங்க ஒரு முழத் துணிக்கு அடிச்சுக்கிட்டாங்க. அத இந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளயும் கொண்டாந்து வெச்சுட்டீங்களே. ஒரு வருசமா ஒங்க ரெண்டு பேருக்கும் நான் வாயா இருந்தேன். எனக்கு என்ன வேணும்னு ஒருநாளு கேட்டிருப்பீங்களா? எனக்கு அந்த லேபு வேணும். அது ஒன்னுதான் கேட்டேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து நடுக்கம்பியைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கிய பிறகுதான் பயம் வந்தது. யாரும் பார்க்கும் முன்னால் திரும்ப அழுத்திச் சொருகினேன். அவசரத்தில் கனெக்டர் இரண்டு மூன்று தடவை இடறி உள்ளே போனது.

ஒரு பச்சை விளக்கு எரிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் இன்னொன்றும் எரிந்தது. ரோபோ கிளம்பிவிட்டது.

கம்பியை அப்படி இடறிச் சொருகினால் அதில் குப்பை எழுத்து ஓடும், அது எனக்குத் தெரியும். எந்தப் போர்டோ ஒன்று அந்தக் குப்பையை வணக்கம் என்று நம்பிப் பதில் வணக்கம் போட்டது. மற்றது அந்தப் பதிலை முதல் வணக்கம் என்று நம்பியது. இரண்டுக்கும் கௌரவம் குறையவில்லை. மீதி இருந்த நேரத்தில் ரோபோ வெறி பிடித்த மாதிரி வேலை செய்தது. ஒரு ஆத்தா பொம்மையைத் தலைகீழாக இழுத்துப்போய் முகாமில் சேர்த்தது. விசில் அடித்தபோது ஒரே ஒரு பொம்மைதான் கடலில் பாக்கி. இதைவிட நன்றாகச் செய்த டீம் ஒன்றுதான் இருந்தது.

விருந்தினரை மேடையேற்றிவிட்டு வந்த நடுவர் அருள்தாஸ் வட்டத்துக்குள் இருந்த பொம்மைகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். திருச்சிப் பக்கம் ஏதோ பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். குனிந்து எங்கள் ரோபோவின் வயிற்றைப் பார்த்தார். "பரவால்லயே. பள்ளிக்கூடப் பசங்க துணைக்கு ஒரு புராசஸர் வெச்சு செஞ்சிருக்கீங்க. கண்ணுக்குத் தனியா, காலுக்குத் தனியா. இதுல எது மொதல்ல கூப்புடுது?"

"அவன் போர்டுதான் சார்" என்றாள் வைஷ்ணவி.

"அவ பைதான் சார்" என்றான் எழில்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இருவர் முகத்திலும் அந்தப் பழைய திருப்தி. அவரவர் விளக்கு எரிந்ததை அவரவர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், சாட்சி வேறு வேண்டுமா. நடுவர் புருவத்தைத் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

எழில் போர்டு என்று சொன்னால் கப் கிடைக்கும். வைஷ்ணவியின் பை என்று சொன்னாலும் கிடைக்கும். எதைச் சொன்னாலும் ஒரு குடும்பம் இறங்கிப்போனதாக இன்றைக்குச் சாயங்காலமே ஊருக்குள் செய்தி போய்விடும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நானாகத்தான் இருப்பேன். என் கருகிய மேசை கண்ணுக்குள் வந்தது. எனக்கு அந்த மேசை வேண்டும். ஆனால் ஒரு வருடமாக மற்றவர்கள் பேச்சையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன். என் பேச்சு ஒன்றைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"ரெண்டும் கூப்புடல சார். நான்தான் கம்பியப் புடுங்கிச் சொருகுனேன். அதுல ஓடுன குப்பைய வணக்கம்னு நெனச்சுக்கிச்சுங்க."

"எப்ப புடுங்குன?"

"விசில் அடிச்சதுக்குப் பொறகு சார். நீங்கள்லாம் அங்கிட்டுத் திரும்பியிருந்தீங்க."

அவர் மறுபடி குனிந்து அந்தக் கம்பியைப் பார்த்தார். "ரெண்டு புரோகிராமும் எதுக்கு அடுத்தது கூப்புடட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு? யாராச்சும் ஒருத்தர் அப்புடி எழுதலாம், ரெண்டு பேருமா எழுதுவாங்க?"

"பரிவட்டம் சார்" என்றேன்.

அவர் எழிலைப் பார்த்தார், வைஷ்ணவியைப் பார்த்தார், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் ஏதோ ஒரு ஊர் இருந்திருக்கும். மதிப்பெண்ணில் தொட்டதற்கு உண்டானதைக் கழித்தார். நாங்கள் மூன்றாம் இடத்துக்கு இறங்கினோம். ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள், பொன்னாடை வாங்கப் போன சாருக்கும் ஒன்று.

திரும்பும்போது வேனில் வழக்கம்போல நான் நடுவில், ஜன்னலுக்கு ஒருவராக அவர்கள் இருவரும். அறந்தாங்கி தாண்டும்போது சாருக்குச் செல்வராணி டீச்சர் போன் பண்ணினார். சார் "சரிங்க டீச்சர், சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பாமலே, "காலையில லோடு எறக்குறாங்களாம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, நன்றாக மூக்கைச் சிந்தி அழுதேன்.

எழில் எதிர்சீட்டைப் பார்த்தபடி சொன்னான். "வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் கப்பு. என்ன பெரிய நீதிபதியா இவ?"

நான் பழக்கதோஷத்தில் வைஷ்ணவி பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

"அதானே. ஒன் போர்டுன்னு சொல்லித் தொலைச்சிருந்தா முடிஞ்சுது."

"ஏன், ஒன் பைன்னு சொல்லியிருந்தா என்ன கொறஞ்சுரும்?"

"ஒன் போர்டுக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?"

முன்சீட்டில் சாரின் தலை திரும்பாமல் அப்படியே நின்றது. டிரைவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். யார் முதலில் பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எழில் யாரிடமும் பேசவில்லை, வைஷ்ணவி என்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஊரில் எந்தப் பஞ்சாயத்தும் இதில் தீர்ப்பு சொல்ல முடியாது.

"நம்மளப் போயி மனுசங்களான்னு கேக்குறா பாரேன்" என்றாள் வைஷ்ணவி.

"அதுவும் நம்ம தாத்தாவுங்களப் பேசுனா பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல. தாத்தனுங்களாம்."

"திமிரு. நம்ம குடும்பத்தப் பத்திப் பேச இவ யாரு?"

நம்ம தாத்தாவுங்க. நம்ம குடும்பம். அந்த வார்த்தைகள் என் தலைக்கு மேலே அங்கிட்டும் இங்கிட்டும் போய் வந்தன. சைக்கிளை ஒன்றோடொன்று சாய்த்து அடுக்கினால் லேப் மூலையில் ஒரு மேசைக்கு இடம் கிடைக்குமா என்று நடுவில் ஒருமுறை பேசிக்கொண்டார்கள். டீச்சர் விடமாட்டார் என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து என்னைத் திட்டத் தொடங்கினார்கள். ஆவுடையார்கோவில் வரைக்கும் திட்டினார்கள். லேப் போன துக்கம் எனக்கு அப்படியேதான் இருந்தது. ஆனாலும் யாராவது அவர்களைப் பேசாமல் வரச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே, நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன்.